கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்தால் மட்டும் போதுமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் 43 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணக்குப் பிரிவில் நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர். எட்டு மாதங்களாக அவருக்குக் கழுத்தின் வலது பக்கமும் தோள்பட்டையும் வலிக்கின்றன. கடந்த ஆறு வாரங்களாக வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஊசி குத்துவது போன்ற குறுகுறுப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் ‘கழுத்து எலும்புத் தேய்மானம், இயல்பான வளைவு குறைந்துள்ளது’ என்றும், எம்.ஆர்.ஐ.யில் ‘ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையே டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல உள்ள வட்டு) பிதுக்கம்’ என்றும் அறிக்கை வந்திருக்கிறது. ‘எலும்பு விலகியிருக்கிறது’ என்று சொன்ன ஒருவரிடம் வாரம் தவறாமல் சென்று, கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்கிறார். இரண்டு நாள் சுகமாக இருக்கிறது; மூன்றாம் நாள் வலி திரும்பிவிடுகிறது. மற்ற நேரங்களில் கழுத்துப் பட்டையைக் கழற்றுவதே இல்லை. உடற்பயிற்சி செய்தால் டிஸ்க் மேலும் பிதுங்கி, நரம்பு நசுங்கி, கை விளங்காமல் போய்விடுமோ என்று அஞ்சித் தலையை முழுமையாகத் திருப்புவதையே விட்டுவிட்டார். வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் விரல் குறுகுறுப்பு அடங்குகிறது, “இது என் மனப்பிரமையா?” என்று கேட்கிறார். தேய்மானத்தோடு உடற்பயிற்சி செய்யலாமா, நெட்டி முறிப்பதைத் தொடரலாமா, கழுத்துப் பட்டை வேண்டுமா, அறுவை சிகிச்சையில்தான் முடியுமா என்பவை மற்ற கேள்விகள். பிசியோதெரபிஸ்ட் அளிக்கும் பதில் இது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்டிருக்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள தகவல் அதில்தான் இருக்கிறது. கையைத் தலைமேல் வைத்தால் குறுகுறுப்பு குறைவது மனப்பிரமை அன்று. கழுத்தில் ஏழு எலும்புகளும், அவற்றின் இடைவெளிகளிலிருந்து புறப்படும் எட்டு இணை நரம்புகளும் உள்ளன. ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் இடையே வெளிவருவது ஆறாவது நரம்பு. முன்கையின் வெளிப்பக்கம் வழியாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி தருவது பெரும்பாலும் அதுதான். கையைத் தூக்கித் தலைமேல் வைக்கும்போது அந்த நரம்பின் வேர்ப்பகுதியில் இருக்கும் இழுவிசை தளர்கிறது. நோயாளி தானாகவே கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டால், கழுத்து நரம்பு வேரில் எரிச்சல் இருக்கக்கூடும் என்று நாங்கள் எண்ணத் தொடங்குவோம்.

ஆனாலும், கடிதத்தை மட்டும் வைத்து இதை உறுதி செய்ய முடியாது. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டாலும் இதே விரல்கள் மரத்துப்போகும். அப்போது நடுவிரலும் சேர்ந்துகொள்ளும், இரவில் தூக்கம் கலையும், கையை உதறினால் சற்றுத் தேறும். கணினியில் வேலை செய்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய நேரடிப் பரிசோதனை தேவை. வலிக்கும் பக்கம் தலையைத் திருப்பும்போது 60 பாகையைத் தாண்டுகிறதா, தலையை அந்தப் பக்கம் சாய்த்து மெதுவாக அழுத்தினால் கைக்கு வலி இறங்குகிறதா, தலையைச் சற்று மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் குறைகிறதா, கையை நீட்டி நரம்பை இழுவைக்கு உட்படுத்தினால் அதே குறுகுறுப்பு வருகிறதா என்ற நான்கையும் பார்ப்போம். பிறகு முழங்கையை மடக்கும் வலு, மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் வலு, தசைநாண் அனிச்சைச் செயல் (சிறு சுத்தியால் தட்டும்போது தசை தானாகத் துடிப்பது), தொடு உணர்ச்சி ஆகியவற்றை இரு கைகளிலும் ஒப்பிடுவோம். எட்டு மாதங்களில் பல இடங்களுக்குச் சென்றிருந்தும் இவற்றில் ஒன்றையாவது யாரும் செய்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை. படங்கள் எடுத்தாயிற்று, கழுத்தையும் கையையும் முறையாகத் தொட்டுப் பார்த்த பரிசோதனைதான் பாக்கி இருக்கிறது. முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

அறிக்கையில் உள்ள சொற்கள்

‘தேய்மானம்’ என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,200-க்கும் மேற்பட்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. வயது ஏற ஏற முடி நரைப்பதைப் போல டிஸ்க்கிலும் மாற்றங்கள் வருகின்றன. அவை எல்லாருக்கும் வலியைத் தருவதில்லை. கழுத்தின் வளைவு நேராகிவிட்டது என்பதும் அப்படித்தான். படம் எடுக்கும்போது மோவாயைச் சற்று உள்ளிழுத்திருந்தாலோ, தசைகள் இறுகியிருந்தாலோகூட வளைவு குறைந்து தெரியும்.

இதற்காக உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லவில்லை. அதில் சொல்லப்பட்டிருக்கும் இடமும் உங்கள் விரல்களில் தெரியும் அறிகுறியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆகவே அந்தப் பிதுக்கத்துக்கு இதில் பங்கு இருக்கலாம். ஆனால், பிதுங்கிய பகுதி காலப்போக்கில் தானாகவே சுருங்குவதும், நரம்பைச் சுற்றியுள்ள அழற்சி தணிவதும் அடிக்கடி நிகழ்பவை. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு வலி கண்ட பலருக்கு முதல் நான்கிலிருந்து ஆறு மாதங்களுக்குள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைக்கிறது. உங்கள் விரல் குறுகுறுப்புக்கு வயது ஆறு வாரம்தான்.

நெட்டி முறிக்கும்போது நடப்பது

உங்கள் கழுத்து எலும்பு எதுவும் விலகவில்லை. கழுத்தெலும்பு உண்மையிலேயே இடம் பெயர்ந்திருந்தால் அது எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கும். நீங்கள் வாராவாரம் நடந்து சென்று திருப்பிக்கொண்டு வரும் நிலையிலும் இருந்திருக்க மாட்டீர்கள். ‘டப்’ என்று கேட்கும் ஒலி எலும்பு தன் இடத்தில் போய் அமரும் ஒலி அன்று. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் திடீரென்று குறையும்போது அங்கே வாயு நிறைந்த ஓர் இடைவெளி உண்டாகிறது. விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் சொடுக்க வைத்து, இந்த இடைவெளி உருவாவதைக் கனடா ஆய்வாளர்கள் 2015-இல் படம்பிடித்துக் காட்டினார்கள்.

அப்படியானால் அந்த இரண்டு நாள் சுகம் பொய்யா என்றால், இல்லை, அது மெய்தான். மூட்டிலும் தசையிலும் விரைவாக ஏற்படும் அசைவு நரம்பு மண்டலத்துக்குப் புதிய செய்திகளை அனுப்புகிறது. வலியைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்த அமைப்பு சற்று அடங்குகிறது. காப்புக்காக இறுகியிருந்த தசை தளர்கிறது. ஆனால் தசையின் வலுவிலோ தாங்கும் திறனிலோ எதுவும் மாறியிருக்காது என்பதால், மூன்றாம் நாள் அதே நாற்காலியில் அதே எட்டு மணி நேரம் அமர்ந்ததும் வலி வந்துவிடுகிறது. குறை உங்கள் கழுத்தில் இல்லை. வலி தணிந்திருந்த அந்த இரண்டு நாட்களில் செய்திருக்க வேண்டிய வேலை செய்யப்படவில்லை. கையால் செய்யும் சிகிச்சை கழுத்தை அசைக்கத் தக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்த நிலையை நிலைக்கச் செய்வது உடற்பயிற்சி.

கையால் செய்யும் சிகிச்சை என்றால் வெடுக்கென்று திருப்புவது மட்டும்தான் என்று நீங்கள் எண்ணியிருப்பதாகத் தெரிகிறது. நான் அதிகம் செய்வது வேறு வகை. நோயாளி குப்புறப் படுத்திருப்பார். பிடரியில் ஒவ்வோர் எலும்பின் பக்க மூட்டையும் கட்டைவிரல் நுனிகளால் தேடிப் பிடித்து, அலை வந்து போவது போன்ற சீரான மெல்லிய அழுத்தத்தை முப்பது நொடி முதல் ஒரு நிமிடம் வரை கொடுப்போம். இறுக்கமான மூட்டில் விரலுக்கடியில் ஒரு தடை தெரியும். இரண்டாம், மூன்றாம் முறைக்குள் அது இளகத் தொடங்கும். உடனே நோயாளியை எழுப்பி உட்காரவைத்துத் தலையைத் திருப்பச் சொல்வோம். முன்பு தோள்பட்டை வரை திரும்பாத தலை இப்போது கூடுதலாகத் திரும்பினால், அந்தக் கூடுதல் அசைவை வைத்தே அன்றைய பயிற்சியைத் தொடங்கிவிடுவோம். இந்த மெல்லிய முறைக்கும் வேகமாகத் திருப்பும் முறைக்கும் கிடைக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்றுதான் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. கழுத்தைத் தொடாமல் மேல்முதுகின் மூட்டுகளுக்குக் கொடுக்கும் சிகிச்சையும் கழுத்து வலியைக் குறைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 272 பேரை வைத்து நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், கையால் செய்த சிகிச்சை மருந்தைவிடக் கூடுதல் பலன் தந்தது. ஆனால் சரியாகக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யச் சொன்ன பயிற்சியும் ஏறத்தாழ அதற்கு இணையான பலனைத் தந்தது. அதில் பங்கேற்றவர்கள் வலி தொடங்கி மூன்று மாதங்களுக்கு உட்பட்டவர்கள். உங்களுக்கு எட்டு மாதம் என்பதால் அதை அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். நீடித்த கழுத்து வலிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதையே அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகளின் 2017 வழிகாட்டி நெறிமுறை பரிந்துரைக்கிறது. கைக்கு இறங்கும் வலி நீடித்தால், கழுத்தை மெல்ல நீட்டி விட்டுவிட்டுக் கொடுக்கும் இழுவை சிகிச்சையையும் அது அவற்றோடு சேர்க்கச் சொல்கிறது.

ஆபத்தும் உங்கள் உரிமையும்

கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஏறிச்செல்கின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பிய பின் அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. இது மிக அரிது. தமனிக் கிழிசலே கழுத்து வலியாகத் தொடங்கும் என்பதால், ஏற்கெனவே கிழிந்திருந்த தமனியோடு சிகிச்சைக்கு வந்தவர்களும் அவர்களில் இருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று. ஆனால் மெல்லிய முறையிலேயே அதே பலன் கிடைக்கும்போது, சிறிய ஆபத்தாக இருந்தாலும் அதை வாரந்தோறும் ஏற்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அதிலும் விரல்களில் நரம்பு அறிகுறி புதிதாகத் தொடங்கிய பிறகும், பரிசோதனை எதுவும் இல்லாமல் திருப்புவதை நான் ஏற்க மாட்டேன். ஆகவே, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

யார் உங்கள் கழுத்தில் கைவைப்பதற்கு முன்னும், அவர் என்ன செய்யப் போகிறார், அதன் ஆபத்து என்ன, அதற்கு மாற்று என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேசையில் படுத்த பிறகும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), எலும்பு அடர்த்திக் குறைவு, இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, அண்மையில் விழுந்து அடிபட்டது, புற்றுநோய் வரலாறு ஆகியவற்றைக் கேட்காமலேயே கழுத்தைத் திருப்ப முனைபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. முடக்குவாதத்தில் மேற்கழுத்தின் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருக்கக்கூடும்; அங்கே வேகமான திருப்பல் கூடவே கூடாது.

இனி பயிற்சி

அசைத்தால் டிஸ்க் கிழியும் என்ற அச்சம்தான் உங்களை அதிகம் முடக்கியிருக்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பகல் முழுவதும் சுமந்து, எல்லாப் பக்கமும் திருப்புவதற்கென்றே அமைந்த உறுப்பு கழுத்து. இயல்பான வரம்புக்குள் நிதானமாக அசைப்பது டிஸ்கைச் சிதைப்பதில்லை. மாறாக, அசைக்காமலே வைத்திருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், சிறிய அசைவையும் மூளை ஆபத்தாகக் கருதப் பழகிவிடும். உங்களுக்கு மூன்றும் தொடங்கிவிட்டன என்றே கடிதத்திலிருந்து உணர்கிறேன். பரிசோதனையில் வலுக்குறைவு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கீழ்க்கண்டவற்றைத் தொடங்கலாம்.

முதலாவது, தலை திருப்புதல். நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக வலது பக்கமும் இடது பக்கமும் இயன்ற அளவு திருப்புங்கள். பக்கத்துக்குப் பத்து முறை. நாளில் நான்கைந்து வேளை. இழுக்கும் உணர்வும் சற்று வலியும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது விரல்களை. குறுகுறுப்பு விரலிலிருந்து பின்வாங்கி முன்கைக்கோ தோளுக்கோ கழுத்துக்கோ ஏறினால், கழுத்தில் வலி சற்றுக் கூடியிருந்தாலும் அது நல்ல அறிகுறி. அது கீழ்நோக்கி இறங்கி, பயிற்சி முடிந்தும் அடங்காமல் நின்றால், அசைவின் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

இரண்டாவது, கழுத்தின் முன்பக்கத்து ஆழ்தசைகளுக்கானது. எளிதாகத் தோன்றுவதால் பலரும் தவறாகச் செய்யும் பயிற்சி இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த மெல்லிய துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்காமல், துண்டிலிருந்து பிடரி விலகாமல், ‘ஆம்’ என்று மிகச் சிறிதாகத் தலையாட்டுவது போல மோவாயைக் கழுத்தை நோக்கி இறக்குங்கள். ஒரு கையின் விரல்களால் கழுத்தின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை கயிறு போல ஓடும் தசை மென்மையாகவே இருக்க வேண்டும். அது புடைத்தால் நீங்கள் கூடுதல் விசை கொடுக்கிறீர்கள் என்று பொருள், அசைவைக் குறைத்துவிடுங்கள். மூச்சை அடக்காமல் பத்து நொடி நிறுத்துங்கள். இப்படிப் பத்து முறை. சிகிச்சை அறையில் கழுத்துக்கடியில் காற்றுப்பை ஒன்றை வைத்து, அழுத்தத்தை 20 மி.மீ. பாதரச அளவில் தொடங்கி, இரண்டிரண்டாக 30 வரை ஏற்றச் சொல்லி இந்தத் தசைகளை அளப்போம். நாட்பட்ட கழுத்து வலியோடு வருபவர்களில் பலர் 24-ஐ நடுக்கமில்லாமல் தாங்கவே முதல் நாளில் திணறுவார்கள். பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும் இந்தப் பயிற்சியில் உண்மையான உழைப்பு இருக்கிறது.

மூன்றாவது, தோள்பட்டைக்கு வலுவூட்டுதல். இதை இரண்டு வாரம் கழித்து, விரல் குறுகுறுப்பு தணியத் தொடங்கிய பின் சேர்த்துக்கொள்ளலாம். மீள்பட்டையின் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) நடுப்பகுதியைக் காலால் மிதித்து, இரு முனைகளையும் கைகளில் பிடித்துக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்க வேண்டும். டென்மார்க்கில் அலுவலகப் பணியாளர்கள் 198 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், இதைத் தினம் இரண்டு நிமிடம் செய்த குழுவுக்கும் பன்னிரண்டு நிமிடம் செய்த குழுவுக்கும் பத்து வாரத்தில் கழுத்து, தோள் வலி குறைந்தது. நேரமே கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நிமிடம் என்பது உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

தொடங்கிய முதல் வாரத்தில் தசை நோகும். மறுநாளுக்குள் அடங்கினால் அளவு சரி. அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம். வலு ஏறுவதற்குக் குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும். மூன்று மாதம் வரை தொடர்ந்து செய்தால்தான் கழுத்து அதற்குப் பழகும்.

கழுத்துப் பட்டையைப் பொறுத்தவரை, நரம்பு வலி கடுமையாக இருக்கும் தொடக்க வாரங்களில் சிறிது காலம் அணிவது சிலருக்கு உதவும். எட்டு மாதம் அணிவது தசையை மெலியச் செய்யும். தினமும் ஒரு மணி நேரம் என்று குறைத்துக்கொண்டே வந்து, இரண்டு வாரத்தில் கழற்றிவிடுங்கள்.

உட்காரும் நிலை குறித்தும் ஒரு வார்த்தை. 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் 27 கிலோ பாரம் ஏறும் என்று நீங்கள் மேற்கோள் காட்டியிருப்பது 2014-இல் வெளியான கணினி மாதிரிக் கணக்கீடு. நோயாளிகளிடம் அளந்து பார்த்து, வலியோடு தொடர்புபடுத்திய முடிவு அன்று. ‘சரியான’ ஒரே நிலை என்று எதுவும் இல்லை. எவ்வளவு நேர்த்தியாக அமர்ந்தாலும் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால் கழுத்து வலிக்கும். திரையைக் கண்மட்டத்துக்கு அருகில் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்குவதாகச் சொல்லியிருப்பதுதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. தூக்கம் குறைந்தால் வலியுணர்வு கூடும்; சிகிச்சைத் திட்டத்தில் அதற்கும் இடம் கொடுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சட்டைப் பொத்தான் போடுவது, பேனா பிடிப்பது போன்றவற்றில் கை தடுமாறினாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் வந்தாலோ, முதுகுத்தண்டு வடம் அழுத்தப்படுகிறது என்று பொருளாகலாம். பயிற்சிகளை நிறுத்திவிட்டு உடனே நரம்பியல் அல்லது தண்டுவட மருத்துவரைப் பாருங்கள். இதுவரை அறியாத வகையில் திடீரென்று கடும் கழுத்து வலியோ தலைவலியோ வந்து, அதோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் கோணுதல், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் படுத்தாலும் விடாத வலி ஆகியவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

அறுவை சிகிச்சை பற்றி உங்களிடம் யாரும் இன்னும் பேசவில்லை; ஆனால் நீங்கள் அதை முடிவான விதியாகவே எண்ணத் தொடங்கிவிட்டீர்கள். கை வலு படிப்படியாகக் குறைந்துகொண்டே போவது, தண்டு வடம் அழுத்தப்படுவது, முறையான சிகிச்சைக்குப் பிறகும் தாங்க முடியாத கை வலி நீடிப்பது ஆகிய மூன்றே அதற்கான முக்கியக் காரணங்கள். நரம்பு வலிக்கு அறுவை சிகிச்சை விரைவான நிவாரணம் தருவது உண்மை; ஆனால் முறையான பிசியோதெரபியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், அந்த வேறுபாடு காலம் செல்லச் செல்லக் குறைந்துவந்திருக்கிறது. எட்டு மாதமாகிவிட்டது என்று நீங்கள் சொன்னாலும், பயிற்சியும் மெல்லிய கைச் சிகிச்சையும் சேர்ந்த முறையான சிகிச்சை உங்களுக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

ஆகவே இந்த வாரம் பரிசோதனை. வலு சரியாக இருந்தால் ஆறு வாரப் பயிற்சி, முதல் மூன்று நான்கு வாரங்களில் வாரம் ஒன்றிரண்டு முறை கையால் செய்யும் சிகிச்சை. தலை எவ்வளவு திரும்புகிறது, குறுகுறுப்பு எந்த விரல் வரை இருக்கிறது, இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்ற மூன்றை மட்டும் வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அந்தக் குறிப்புகளில் முன்னேற்றம் எதுவும் தெரியாவிட்டால், அவற்றையும் எம்.ஆர்.ஐ. படங்களையும் எடுத்துக்கொண்டு தண்டுவட அறுவை மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள். இடையில் எந்த நாளிலாவது முழங்கையை மடக்கவோ மணிக்கட்டைத் தூக்கவோ வலு குறைவதாகத் தெரிந்தால், ஆறு வாரம் முடியும்வரை காத்திருக்காமல் அன்றே செல்லுங்கள்.